பிக்கப்பில் கேம்பர் கட்டப் போகிறீர்களா? எடை மேடையிலிருந்து தொடங்குங்கள்

மதுரை கப்பலூர் பக்கம் மீன் வண்டி, பால் வண்டி, ஐஸ்கிரீம் வண்டிக்குக் குளிர்பெட்டி கட்டுவது என் தொழில். சில வருஷமாக 4x4 பிக்கப்பில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியெல்லாம் வைத்து, மலைக்கும் மண் பாதைக்கும் போகிற மாதிரி கேம்பர் பெட்டி கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

திருமங்கலம்: அண்ணே, வி-கிராஸ், ஹைலக்ஸ், பொலேரோ கேம்பர் 4x4, மூன்றில் எதை வாங்கலாம்?

தம்பி, வண்டி அப்புறம். முதலில் எடை. ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடையும், சுமையோடு போகலாம் என்ற மொத்த எடையும் இருக்கும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு, பெட்டி, சாமான், ஆள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிக்கனமாகக் கட்டினாலும் பெட்டி 300 கிலோ வரும். தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. இரண்டு பேர் 140. பேட்டரி, ஃப்ரிட்ஜ், சோலார் பேனல் சேர்த்து 60, மெத்தை துணிமணி மளிகை 80, ஜாக்கி, கயிறு, கூடுதல் டயர், டீசல் கேன் என்று இன்னொரு 60. 700 கிலோ வந்துவிட்டது, இன்னும் நாற்காலிகூட ஏற்றவில்லை. வி-கிராஸ் மாதிரி சொந்த உபயோகத்துக்கென்று வருகிற வண்டிகளில் அந்தக் கழித்தல் கணக்கு பலரை ஏமாற்றும், பார்க்க முரடாக இருந்தாலும் காகிதத்தில் இடம் கம்மி. அதில் பெட்டி வேண்டாம், பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டிக்கு மேல் ஒரு கூடாரமும் இழுப்பறை அடுப்பும் போதும். பெட்டிதான் வேண்டும் என்றால் ஒரு டன் சுமக்கிற சரக்கு பிக்கப்பைப் பாருங்கள். முடிவு செய்வதற்கு முன் ஒரு எடை மேடையில் ஏற்றி முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். நூறு, இருநூறு ரூபாய் செலவுதான். அந்தச் சீட்டு இல்லாமல் யார் வந்தாலும் நான் டேப்பை எடுப்பதில்லை.

தேனி: எங்க ஊர் பட்டறையில் பெட்டியை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு வைத்து நேரே வெல்டு பண்ணித் தருகிறேன் என்கிறார்கள். பலமாக இருக்கும்தானே?

வேண்டவே வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, சேஸ் இரும்பு உயர் வலு உள்ளது, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும், பின்னால் அங்கேதான் கீறல் விடும். துளை போட வேண்டியிருந்தாலும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடக்கூடாது, நடுப்பட்டையில் மட்டும்தான், அதுவும் கம்பெனி கொடுத்திருக்கிற துளைகள் போதாதபோது.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேஸ் முறுக்கிக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்தால் சட்டம் முறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. அப்படி முறுகுவது குறையில்லை, நாலு சக்கரமும் தரையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் ஊர் லாரி பாடியில் சேஸுக்கு மேல் மரக்கட்டை வைத்து யூ-போல்ட் போட்டு இறுக்குவது வழக்கம், மரமும் தகரமும் சேர்ந்த அந்தப் பாடி சேஸோடு கூடவே வளைந்து கொடுக்கும். ஃபைபர் ஷீட்டுக்கு நடுவில் ஃபோம் ஒட்டிய பெட்டி வளையாது. வளையாத பெட்டியை வளைகிற சேஸில் இறுக்கிக் கட்டினால் ஏதோ ஒன்று உடையும், பெரும்பாலும் ஜன்னல் மூலையில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் முதலில் தெரியும், அடுத்த மழையில் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

அதனால் பெட்டிக்குத் தனியாக ஒரு சப்ஃபிரேம், அதாவது சேஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் வருகிற தனிச் சட்டம். பின்னால் இரண்டு இடத்தில் அசையாமல் பிடிப்பு, முன்னால் சுருள் ஸ்பிரிங் போட்ட போல்ட் இரண்டு. சேஸ் முறுகும்போது முன்பக்க ஸ்பிரிங் அமுங்கி, சப்ஃபிரேம் கொஞ்சம் மேலே எழும்பி இடம் கொடுக்கும். பட்டறைக்காரர் வேலை முடித்ததும் ஒரு சோதனை பண்ணுங்கள்: முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் பலகை மேல் ஏற்றி நிறுத்தி, பெட்டிக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். சமதரையில் மூடுகிற மாதிரியே மூடினால் பணத்தைக் கொடுங்கள்.

மேலூர்: ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வாரா சார்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது, வண்டி செய்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தரவிதி இருக்கிறது. கட்டி முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள், வரைபடத்தோடு முதலிலேயே அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டுவது வீல்பேஸில், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தில், 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுங்கள், இல்லையென்றால் க்ளெய்ம் சமயத்தில் கையை விரித்துவிடுவார்கள்.

வில்லாபுரம்: மே மாத மதுரை வெயிலில் பெட்டிக்குள் தூங்க முடியுமா? ஏ.சி. வைத்துத் தர முடியுமா அண்ணே?

ஏ.சி.யை விட்டுவிடலாம். ஒரு டன் ஏ.சி. நன்றாக ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே 1.28 யூனிட். கண் சொக்குவதற்குள் தீர்ந்துவிடும்.

சூட்டை உள்ளே விடாமல் இருப்பதுதான் வழி, அது குளிர்பெட்டிக்காரன் வேலை. மீனை ஐஸோடு காப்பாற்றுகிற அதே பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) சுவர்தான் உங்களையும் காப்பாற்றும். பக்கச் சுவருக்கு 40 மி.மீ., கூரைக்கு 50 அல்லது 60. தெர்மோகோலைவிட பஃப் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதே தடிமனில் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். இதில் பலர் கவனிக்காதது சுவருக்குள் ஓடுகிற இரும்பு பைப். விடிகாலையில் மீன் வண்டி பக்கத்தில் நின்று பாருங்கள், சுவர் முழுக்கக் காய்ந்திருக்கும், இரும்புச் சட்டம் போகிற கோட்டில் மட்டும் வெளியே வரிசையாகத் தண்ணீர் துளிர்த்திருக்கும். உள்ளே இருக்கிற குளிர் அந்த இரும்பு வழியாகத்தான் ஓடிவருகிறது. உங்கள் பெட்டியில் இதே வழியில் வெயில் உள்ளே வரும், குளிர் ஊரில் உள்பக்கம் வேர்த்து மெத்தை நனையும். உள் ஷீட்டையும் வெளி ஷீட்டையும் இரும்போ அலுமினியமோ இணைக்கவே கூடாது.

வெளியே வெள்ளை பெயின்ட் மட்டும். சோலார் பேனலைக் கூரையில் ஒட்டாமல் மூன்று அங்குலம் தூக்கிப் பொருத்துங்கள், கூரைக்கு நிழலும் ஆச்சு, பேனலும் அதிகம் சூடாகாமல் நன்றாக வேலை செய்யும். தலைமாட்டுக்கு எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல், கூரையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். இவ்வளவு செய்தாலும் மே மாதம் மதுரையில் பகலில் உள்ளே இருக்க முடியாது, அது உண்மை. இரவு பத்து மணிக்கு மேல் தூங்கலாம்.

சிவகங்கை: வீட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது, அதையே வைக்கலாமா?

இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஆம்பியர் ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை, அதில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். 100 ஆம்பியர் லித்தியம் பாஸ்பேட் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ, ஏறக்குறைய முழுசும் எடுக்கலாம். எடைக்காகவே லித்தியம் வாங்குங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நாளுக்கு அரை யூனிட், கரண்ட் கம்மியாக இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் இரவு முழுக்கக் கால் யூனிட், விளக்கும் போனும் கொஞ்சம். 200 வாட் பேனல் நல்ல வெயிலில் முக்கால் யூனிட் தரும். கணக்கு இழுபறியாக இருக்கிறதல்லவா, அதனால் 300 வாட் போடுங்கள். கொடைக்கானல் பனிமூட்டத்தில் அதுவும் பாதியாகும், அப்போது ஓடுகிற எஞ்சின்தான் சார்ஜ் பண்ண வேண்டும், பி.எஸ்.6 வண்டியில் அதற்கு டி.சி-டி.சி. சார்ஜர் கட்டாயம், எஞ்சினிலிருந்து வருகிற மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற கருவி அது. நேரே வயர் இழுத்துக் கொடுக்காதீர்கள்.

காரைக்குடி: ஆர்மி ஏலத்தில் ஸ்டாலியன் 4x4 லாரி எடுக்கலாம் என்று ஆசை.

7,500 கிலோவுக்கு மேலே போனால் ஹெவி லைசென்ஸ் வேண்டும். நம் மலைப் பாதைகளில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்கவும் இடம் இருக்காது. ராஜஸ்தானில் சுற்றப் போகிறீர்கள் என்றால் சரி.

அண்ணா நகர், மதுரை: அண்ணா, நானும் கணவரும் ஆறு வயது மகளும் போவோம். சமையல் உள்ளேயா, வெளியிலா?

வெளியில் வையுங்கள் அம்மா. பின்கதவைத் திறந்ததும் இழுக்கிற மாதிரி அடுப்பு, மேலே ஒரு படுதா. மழைக்காக உள்ளேயும் ஒரு அடுப்பு வேண்டும் என்றால், 5 கிலோ சிலிண்டருக்கு வெளிப்பக்கம் மட்டும் கதவு உள்ள தனி அறை, அதன் தரையில் கண்டிப்பாக ஒரு துளை. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், மேலே ஜன்னல் இருந்து பிரயோஜனமில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பை எரிக்கவே கூடாது, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்று ஒரு அலாரம் வாங்கிப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள், குழந்தை இருக்கிற வண்டியில் இதில் பேரமே இல்லை.

தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும், உள்ளே தடுப்புப் பலகை வைத்தது. பின்பக்கம் பம்பருக்கு மேல் வைத்தால் முன் சக்கரம் லேசாகி வளைவில் ஸ்டியரிங் பிடிப்பு குறையும்.

உசிலம்பட்டி: லடாக் போக வேண்டும். தனியாக என்ன மாற்ற வேண்டும்?

குக்கர் கொண்டு போங்கள். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேகாது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது, அதனால் பேட்டரியை நீங்கள் தூங்குகிற கேம்பர் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். குளிர்காலத்தில் போனால் மதுரையில் நிரப்பிய டீசல் அங்கே உறையும். இந்தியன் ஆயில் 2019-லிருந்து லடாக்குக்கென்று குளிர்கால டீசல் விற்கிறது, மேலே ஏறும்போது டேங்கில் அதுதான் இருக்க வேண்டும்.

சாத்தான்குளம்: எங்க ஊர் தேரி மண்ணில், செம்மணல் மேட்டில், 4x4 போட்டும் புதைகிறது.

காற்றை இறக்கினீர்களா? 35 பி.எஸ்.ஐ.யில் இருந்து 20-க்கு இறக்குங்கள், டயர் தட்டையாகி நீளமாகத் தரையைப் பிடிக்கும். சக்கரம் சுழன்று குழி தோண்ட ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றாமல் ஓட்டக்கூடாது, அதனால் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

பேரையூர்: மேகமலையில் எங்கே நிறுத்தித் தங்கலாம்?

காட்டுக்குள் எங்கேயும் இல்லை. 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். ஊருக்குள் தங்கும் விடுதிக்காரரிடமோ எஸ்டேட்காரரிடமோ கேட்டு, அவர்கள் இடத்தில் நிறுத்துங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

திண்டுக்கல்: பெட்டி தயார். முதல் ஓட்டம் எங்கே போகலாம்?

உங்க ஊர் சிறுமலையே போதும், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. தொட்டி நிறையத் தண்ணீர், முழுச் சாமானோடு ஏறி இறங்குங்கள். கீழே வந்ததும் சப்ஃபிரேம் போல்ட், ஸ்பிரிங் பட்டையின் யூ-போல்ட், வீல் நட் எல்லாவற்றையும் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். அப்படியே எடை மேடைக்கு விட்டு, இரண்டு அச்சுச் சீட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பின் அச்சு அதிகமாக இருந்தால் எதை எங்கே மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.