கப்பி: ஒரு பெயரும் ஒரு பண்ணையும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை தொழிலிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்தவை என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என் தம்பி பிரிஸ்டலில் வேலை செய்கிறான். அவனுடைய அலுவலகத்தில் ஓய்வுபெறப் போகிற ஒருவரின் குடும்பப் பெயர் கப்பி. நாம் தொட்டியில் வளர்க்கிற கப்பி மீனின் அதே பெயர். அங்கே அது மிகவும் அபூர்வமான பெயராம். அபூர்வப் பெயர் என்றாலே பிரபு குடும்பம், 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையோடு வந்தவர்கள் என்று ஒரு கடைக்காரர் சொல்லி, அந்தப் பெயருக்குரிய குலச்சின்னத்தை ஃபிரேம் போட்டு விற்கிறாராம். அதை வாங்கிப் பரிசாகக் கொடுக்கலாமா என்று தம்பி கேட்கிறான். உண்மையிலேயே அது பெரிய வம்சமா? அந்தப் பெயருள்ள எல்லோரும் ஒரே முப்பாட்டனின் வாரிசுகளா? மீனுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

அன்புடன்,
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்,

மீனை முதலில் முடித்துவிடுகிறேன். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்றொரு ஆங்கிலேயர். 1836இல் பிறந்தவர். இளம் வயதில் நியூசிலாந்துக் கரையில் கப்பல் உடைந்து, மாவோரி மக்களோடு கொஞ்ச காலம் வாழ்ந்து, பிறகு டிரினிடாட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பள்ளிகளை மேற்பார்வை செய்யும் அரசு வேலை. மிச்ச நேரமெல்லாம் புதைபடிவங்களும் கிளிஞ்சல்களும். டிரினிடாட் ஓடைகளில் கிடைத்த ஒரு சின்ன மீனை அவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்ப, ஆல்பர்ட் குந்தர் 1866இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார். ஆனால் பெர்லினில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859லேயே அந்த மீனை வேறு பெயரில் பதிவு செய்திருந்தார். முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது விலங்கியல் விதி. அதனால் அறிவியல் பெயரிலிருந்து கப்பி போய்விட்டது, பேச்சு வழக்கில் தங்கிவிட்டது. நம் ஊரில் கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று சுகாதாரத் துறையினர் கிணறுகளில் விடுவதும் இதே மீன்தான்.

இனி பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அதன் மேற்கு ஓரத்தில், லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊருக்குச் சில மைல் தள்ளி, வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்று ஒரு கிராமம். அந்தக் கிராம எல்லைக்குள் இருந்த ஒரு பண்ணையின் பெயர் கப்பி. குப்பா என்ற பழைய ஆங்கிலேயன் ஒருவன் வேலி போட்டு அடைத்த நிலம் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அந்த இடமும், அந்த இடத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஆட்களும் தென்படுகிறார்கள்.

கடைக்காரர் சொன்ன நார்மன் கதையை இங்கே வைத்துப் பாருங்கள். நார்மன் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. வூட்டன் ஃபிட்ஸ்பெய்னில் உள்ள 'ஃபிட்ஸ்பெய்ன்' அந்த ஊரை ஆண்ட நார்மன் வழிப் பிரபுக்களுடையது. கப்பி என்பதோ அந்தப் பிரபுவின் கிராமத்துக்குள் கிடந்த ஒரு பண்ணை. அதன் பெயரில் இருக்கும் குப்பா, நார்மன்கள் வருவதற்கு முந்திய ஆங்கிலேயர் வகைப் பெயர். வம்சப் பெருமை பேசத்தான் வேண்டும் என்றால்கூட, கடைக்காரர் தவறான கட்சியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. சொந்தப் பண்ணையிலேயே இருப்பவனை யாரும் பண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அங்கே எல்லோருமே அந்தப் பண்ணைக்காரர்கள்தான். நாலு மைல் தள்ளிப் போய்க் குடியேறினால்தான் 'கப்பியிலிருந்து வந்த ஆடம்' ஆவான். ஆகவே ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் பெரும்பாலும் ஒருவன் ஊரை விட்டுக் கிளம்பியதற்கான சாட்சி. ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. முகம் தெரியாத ஒரு சின்னப் பண்ணையின் பெயரைச் சொன்னால், வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் யார்க்‌ஷயரில் யாருக்குப் புரியும்? அடுத்த சந்தைக்கு வருகிறவர்களுக்குப் புரியும்.

அபூர்வப் பெயர்களின் வரைபடம் ஒரு புள்ளியைச் சுற்றியே கறுத்துக் கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம். 1881 மக்கள்தொகைக் கணக்கை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் எழுத்துப்பெயர்த்துக் கொடுத்த பிறகு, எந்தப் பெயர் எந்தக் கவுண்டியில் எவ்வளவு என்று கணினியில் பார்த்துவிடலாம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து அப்போது சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர். ரயில் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. தொழில் நகரங்கள் கிராமங்களை உறிஞ்சிக்கொண்டிருந்த காலம். அப்போதும் கப்பிகளின் அடர்த்தி டார்செட்டில்தான். அடுத்தபடியாகப் பக்கத்துக் கவுண்டிகளான சாமர்செட், டெவன்; அப்புறம் எல்லாப் பெயரும் வந்து விழுகிற லண்டன். அறுநூறு ஆண்டுகளாக ஒரு பெயர் இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் புழங்கியிருக்கிறது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அடுத்த பாரிஷிலேயே, அதாவது அடுத்த தேவாலய வட்டாரத்திலேயே, நடந்தன. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிழைப்புத் தேடி வருகிற ஏழை தங்கள் வரிப்பணத்துக்குச் சுமையாகிவிடுவான் என்று தோன்றினால் அவனைப் பழைய பாரிஷுக்கே திருப்பியனுப்பலாம். நகர விரும்பியவர்களுக்கும் அது ஒரு முட்டுக்கட்டை.

இந்தப் புவியியலை முதலில் முறையாக ஆராய்ந்தவர் யார் தெரியுமா? இன்னொரு கப்பி. ஹென்றி புரூம் கப்பி. கடற்படை மருத்துவர், சாலமன் தீவுகளில் பணியாற்றியவர். 1890இல் பிரிட்டனின் குடும்பப் பெயர்களுக்கு எது தாயகம் என்று ஒரு பெரிய நூலே எழுதினார். அப்போது கணினி கிடையாது, மக்கள்தொகைக் கணக்கின் தனிநபர் பதிவுகளும் பொதுப் பார்வைக்கு இல்லை. அவர் கவுண்டிவாரியாக வந்த கெல்லி முகவரிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். தச்சன் நகர்ந்துவிடுவான், வியாபாரி நகர்ந்துவிடுவான், மண்ணைப் பிடித்தவன் நகர மாட்டான் என்பது கணக்கு. முப்பது நாற்பது கவுண்டிகளில் பரவிய பொதுப் பெயர்களில் தொடங்கி, ஒரே கவுண்டிக்குள் அடங்கிய தனிப்பெயர்கள் வரை ஆறு வகையாகப் பிரித்தார். எனக்கு இதில் பிடித்தது, இந்த ஆள் அடிப்படையில் ஓர் இயற்கையியலாளர் என்பதுதான். பின்னாளில் அவர் பசிபிக் தீவுகளிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும், விதைகள் கடல் நீரோட்டத்தில் மிதந்துபோய் எங்கெங்கே கரை ஒதுங்குகின்றன என்று ஆராய்ந்தார். எது எங்கே முளைத்தது, எவ்வளவு தூரம் பரவியது என்ற ஒரே கேள்வியைத்தான் பெயர்களிடமும் விதைகளிடமும் கேட்டிருக்கிறார்.

அவருடைய முறையில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு கவுண்டியில் பத்தாயிரம் விவசாயிகளுக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருந்த பெயர்களை அவர் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். உண்மையான அபூர்வங்கள் அந்தச் சல்லடையில் நிற்கவில்லை.

சரி, ஒரு பெயர் ஏன் அபூர்வமாகிறது? உயர்ந்த குடி என்பதால் அல்ல. ஒரே இடத்தில் பிறந்தது, பிறகு பிழைத்துக் கிடந்தது, அவ்வளவுதான். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான், அதனால் ஸ்மித் ஆயிரம் இடங்களில் தனித்தனியாக முளைத்தது. கப்பிப் பண்ணை ஒன்றுதான்.

முளைத்த பெயர் பிழைப்பதும் லேசான காரியம் இல்லை. 1870களில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இதை ஒரு கணக்காகவே கேட்டார். பெரிய குடும்பங்களின் பெயர்கள் அழிந்துகொண்டே போகின்றனவே, அது குலத்தின் சீரழிவா, வெறும் தற்செயலா? ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை தேட, இருவரும் சேர்ந்து 1874இல் வெளியிட்டார்கள். பிற்காலத்தவர் செப்பனிட்ட வடிவத்தில் அந்தக் கணக்கை எளிதாகச் சொல்கிறேன். சராசரியாக ஒருவனுக்கு ஒரு மகன் பிழைத்துப் பெயரைத் தூக்கிச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சராசரிதான் ஒன்று. சிலருக்கு மூன்று மகன்கள், சிலருக்கு ஒருவரும் இல்லை. ஒற்றை ஆளோடு தொடங்கிய பெயர் முதல் தலைமுறையிலேயே முடிந்துபோக 37 விழுக்காடு வாய்ப்பு. மூன்று தலைமுறைக்குள் 63 விழுக்காடு. பத்துத் தலைமுறைக்குள் 84. இதில் யாருடைய குற்றமும் இல்லை, பகடை அப்படி விழுகிறது.

டார்செட்டில் பகடை இன்னும் மோசமாக விழுந்தது. இங்கிலாந்துக்குள் கொள்ளைநோய் நுழைந்த வாசலே அந்தக் கவுண்டிதான். 1348 கோடையில் மெல்கம் ரீஜிஸ் துறைமுகத்தில் இறங்கியது. வூட்டன் ஃபிட்ஸ்பெய்னிலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்குள். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ செத்தார்கள். குடும்பப் பெயர்கள் அப்பனிடமிருந்து மகனுக்கு என்று அப்போதுதான் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த வருடங்களில் எத்தனையோ பண்ணைப் பெயர்கள் ஆளில்லாமல் போயிருக்கும். கப்பி தப்பியது.

பெயர் ஆண் வழியில் மட்டும் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. தம்பி இருக்கும் பிரிஸ்டலிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அந்த ஊரில் மிகவும் பேர்பெற்ற கப்பி, சாரா கப்பி. 1811இல் பாலத்துக்கு அடித்தளத் தூண்களை உறுதியாக இறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியவர். மறு வருடமே, தேநீர் கொதிக்கும்போதே முட்டையும் அவித்து ரொட்டியையும் சூடாக வைத்துக்கொள்ளும் ஒரு கலத்துக்கும் வாங்கினார். ஆனால் அவர் பிறப்பால் பீச், பர்மிங்ஹாம் பெண். பிரிஸ்டல் வணிகர் சாமுவேல் கப்பியைக் கட்டிக்கொண்டதால் கப்பி. அவர் மகன் தாமஸ்தான் பொறியாளர் புருனலோடு சேர்ந்து கிரேட் வெஸ்டர்ன் நீராவிக் கப்பலைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்; 1838இல் அது நியூயார்க் போனது. அந்தப் பொறியியல் மூளை தாய் வழி வந்தது என்று நான் சொன்னால் யாரும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பெயர் மட்டும் தகப்பன் வழி என்பதில் சந்தேகம் இல்லை.

எல்லோரும் ஒரே முப்பாட்டனின் பிள்ளைகளா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் என்ற மரபுக் கூறும் பெயரைப் போலவே அப்பனிடமிருந்து மகனுக்குப் போவதால் இதைச் சோதிக்க முடியும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித் என்ற பெயருள்ள இருவர், தெருவில் போகிற எந்த இருவரையும் விட நெருக்கமானவர்கள் அல்ல. அபூர்வப் பெயர்களில் கதை தலைகீழ். ஆட்டன்பரோ என்ற பெயர்க்காரர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரே வகைக் குரோமோசோம்.

ஆட்டன்பரோ நமக்குத் தெரிந்த பெயர். 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்டும் இயற்கைப் படங்களின் டேவிடும் சகோதரர்கள். சில பழைய விளக்கங்கள் இந்தப் பெயரைக் 'கோட்டையருகே வசிப்பவர்' என்று பிரித்தன. அப்படியானால் கோட்டை இருந்த ஊரிலெல்லாம் அது முளைத்திருக்க வேண்டும். ஆனால் அது நாட்டிங்ஹாம், டார்பி பக்கத்திலேயே குவிந்திருக்கிறது. டிரென்ட் ஆற்றங்கரையில் ஆட்டன்பரோ என்ற ஊரும் அங்கேயே இருக்கிறது. சகோதரர்களின் தந்தை ஃபிரெடெரிக் பிறந்த ஸ்டேபிள்ஃபோர்டு, அந்த ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். வரைபடமும் குரோமோசோமும் சேர்ந்து அகராதியைத் திருத்துகிற இடம் இது. அந்தத் தந்தை பின்னாளில் முதல்வராக இருந்த லெஸ்டர் கல்லூரிதான், இந்தச் சோதனையைச் செய்த பல்கலைக்கழகமாக வளர்ந்தது என்பது போனஸ்.

ஆனாலும் 'ஒரே முப்பாட்டன்' என்பதை எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். ஒரு பெயரை மூன்று பேர் தொடங்கியிருக்கலாம். மேலே சொன்ன பகடையில் இரண்டு கிளைகள் அற்றுப்போய் ஒன்று தங்கியிருந்தால், இன்றைய சோதனையில் ஒருவரே தொடங்கியது போலத்தான் தெரியும். எதிர்த்திசையிலும் ஆச்சரியம் உண்டு. யார்க்‌ஷயரில் ஒரு அபூர்வப் பெயரைக் கொண்ட 18 ஆண்களைச் சோதித்ததில் ஏழு பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய மிக அரிய வகைக் குரோமோசோம் இருந்தது. 2007இல் வெளியான ஆய்வு இது. ரோமானியர் காலத்தில் வந்த ஆப்பிரிக்கரா, அடிமை வணிகக் காலத்தில் வந்தவரா என்பதை அதைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை. பெயர் சுத்தமான யார்க்‌ஷயர்ப் பெயர்.

கடைசியாகக் குலச்சின்னம். இங்கிலாந்துச் சட்டப்படி குலச்சின்னம் ஒரு தனி மனிதருக்குத்தான் வழங்கப்படுகிறது. அவருடைய நேரடி ஆண் வழி வாரிசுகள் அதைப் பயன்படுத்தலாம். ஒரு பெயருக்கென்று சின்னம் கிடையாது. லண்டனில் இதற்கென்றே இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது, கடைகளும் திரும்பத் திரும்ப விற்றுக்கொண்டிருக்கின்றன. எப்போதோ ஒரு கப்பிக்கு வழங்கப்பட்டிருந்தாலும் தம்பியின் சக ஊழியருக்கு அதில் உரிமை இருக்கும் என்று சொல்ல, அவருடைய பரம்பரையைப் பாரிஷ் பதிவேடுகள் வழியாக ஒவ்வொரு தலைமுறையாகக் காட்ட வேண்டும். ஃபிரேம் போட்டு விற்பவர் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்.

வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடங்களில் லைம் ரீஜிஸ், பிரிட்போர்ட் பகுதிக்குரியது கடைகளில் கிடைக்கும். வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் அதில் இருக்கிறது. ஓய்வுபெறுகிறவருக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம். பிரிஸ்டலிலிருந்து காரில் ஒரே நாளில் போய் வந்துவிடும் தூரம்தான்.