ஆராய்ச்சி பண்ணையால மாடு வளர்க்கிறவங்களுக்கு உண்மையில என்ன பிரயோஜனம்?

கேள்வி நியாயமானதுதான், ஏன்னா அங்க நடக்கிறது நம்ம கொட்டகைக்கு வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகுது. மூணாறு பக்கம் இருக்கிற மாட்டுப்பட்டி பண்ணையையே எடுத்துக்கோங்க, 1963ல சுவிட்சர்லாந்து உதவியோட ஆரம்பிச்ச திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர் பசுக்களோட சேர்த்துதான் சுனந்தினிங்கற கலப்பின மாடு வந்துச்சு.

இதுல கஷ்டமான வேலை காளையைத் தேர்ந்தெடுக்கிறதுதாங்க. காளை பால் கறக்காது, அதோட மகள்கள் எவ்வளவு கறக்குதுன்னு பார்த்துதான் நல்ல காளையான்னே தெரியும். அந்தக் காளையோட விந்துவை பசுவுக்கு சினை ஊசியா போட்டு, ஒன்பது மாசம் கழிச்சு கன்னு பிறந்து, அது வளர்ந்து சினையாகி ஈன்று, அப்புறம் பத்து மாசம் பால் அளந்து எழுதணும், அஞ்சு வருஷம் சாதாரணமா ஓடிடும், அதுவும் ஒரு மகளை வச்சு முடிவு பண்ண முடியாது, நிறைய மகள்கள் வேணும். அதுவரைக்கும் காளையோட விந்துவை திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரில பத்திரமா வச்சிருக்கணும். ரெண்டு மாடு வச்சிருக்கிறவர் தனியா இதை எப்படிங்க செய்வார்?

தீவனமும் அப்படித்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கோ-4 புல் இன்னைக்கு வாய்க்கா ஓரமெல்லாம் நிக்குது, கரணை, அதாவது தண்டுத் துண்டு, வாங்கி நட்டா போதும்.

ஆனா ஒண்ணு, பண்ணையில வர்ற பாலை அப்படியே வீட்டுல எதிர்பார்க்காதீங்க. அங்க பசுந்தீவனம், புண்ணாக்கு, தவிடு மாதிரி அடர்தீவனம், மாட்டு டாக்டர் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். வெயில் ஜாஸ்தியா இருக்கிற ஊர்னா வெளிநாட்டு ரத்தம் அதிகமுள்ள மாடு ரொம்ப திணறும், நிழலும் தண்ணியும் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.