வாசகர் கேள்வி பதில்: காசு கிடைக்குமா, கசடு கிடைக்குமா?

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டேன். கெடா, மெர்போக் பக்கம் ஓர் அகழாய்வில் ஒரு நாள் தன்னார்வலராகப் போகிறேன். என்ன வேலை தருவார்கள்? கடாரம் என்கிறார்களே, சோழர் காசு ஏதும் கிடைக்குமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: காசை மறந்துவிடுங்கள். அங்குள்ள சுங்கை பத்து, இரும்பு உருக்கிய இடம். வாளி வாளியாக வருவது இரும்புக் கசடும் செங்கல்லும், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்த் துண்டுகளும்தான். கசடு கனக்கும், பாகு வழிந்து உறைந்த மாதிரி மடிப்பு இருக்கும். குழாய்த் துண்டில் துளையின் உள்வளைவு தெரியும். உலைக்குள் இருந்த முனை கருகிக் கண்ணாடிபோல் மினுங்கும்.

பெரும்பாலும் உங்களுக்குச் சாந்துக்கரண்டியோ சல்லடையோ தருவார்கள். கரண்டி முனையால் குத்தாதீர்கள். விளிம்பைப் படுக்கவைத்து, உங்கள் பக்கமாக இழுத்துச் சுரண்டுங்கள். ஒரு தட்டுக்கு (ஒரு தடவையில் சுரண்டி இறக்கும் மண்படலம்) 5 அல்லது 10 செ.மீ. ஆழம்தான், அதற்குக் கீழே போனால் இரண்டு காலத்து மண் கலந்துவிடும். குழி விளிம்பில் உட்காராதீர்கள். சுவர் சரிந்தால் மண்ணடுக்கைப் படிக்க முடியாது. மண் காய்ந்து நிறம் வெளுத்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அடுக்குகள் மறுபடி பிரிந்து தெரியும்.

ஓர் ஓடு (பானைத் துண்டு) தலைகாட்டினால் கை பரபரக்கும். பிடுங்காதீர்கள்! பாதி இன்னும் மண்ணுக்குள் இருக்கும், முறிந்துபோகும். சுற்றியுள்ள மண்ணை இறக்கி, அந்தத் துண்டை அதன் அடியிலுள்ள மண்மேடையிலேயே விட்டு, பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அளந்து, படமெடுத்த பிறகுதான் எடுப்பார்கள்.

சல்லடையில் அதிகம் நடக்கும் தவறு வாளி மாறுவது. குழியின் கட்ட எண், ஆழம் எழுதிய சீட்டு வாளியோடே போகட்டும். ஈரக் களிமண்ணை உள்ளங்கையால் தேய்த்தால் ஓட்டு விளிம்பும் தேயும். தண்ணீர் விட்டுக் கரைப்பதே மேல். கரித்துண்டை விரலால் தொடாமல், கரண்டியால் அலுமினியத் தாளில் ஏந்துங்கள், அது காலக்கணிப்புக்குப் போவது. பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. உள்ளே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். சீட்டில்லாத ஓடு வெறும் ஓடு.

கேள்வி: மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. பாம்பு, அட்டை எல்லாம் இருக்குமே? (ஒரு தாயார், புக்கிட் மெர்தாஜம்)

பதில்: முழுக்கைச் சட்டை, நீளக் காலுறை, ரப்பர் பூட்ஸ் போதும். பாம்பைவிட, மழைக்குப் பின் குழியில் தேங்கும் தண்ணீரைக் கவனியுங்கள். எலிச் சிறுநீர் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரும். கைகால் கீறலை ஒட்டுப்போட்டு மூடியே இறங்கட்டும். டெட்டனஸ் ஊசியை முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கால்வாய் வெட்டியபோது மட்டி ஓட்டுக் குவியலும் பானைத் துண்டும் வந்தன. கழுவி வைக்கலாமா? (வாசகர், கெப்பாலா பத்தாஸ்)

பதில்: கழுவாதீர்கள், வெட்டுவதையும் நிறுத்துங்கள். உங்கள் பக்கத்துக் குவார் கெப்பாவே (கெப்பா என்றால் மட்டிதான்) பழைய மட்டி ஓட்டு மேடு. 2017இல் அங்கே கட்டட வேலையின்போதுதான் தொல்பழங்கால மனித எலும்புக்கூடு கிடைத்தது. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஆழத்தைக் குறித்து, தார்ப்பாயால் மூடுங்கள். 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் உடனே சொல்ல வேண்டும்.