மூட்டுக்கு முதுகு ஊசி, பித்தப்பைக்கு முழு மயக்கமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, பல வருடமாகச் சர்க்கரை. பித்தப்பைக் கல்லை லேப்ராஸ்கோபியில் எடுக்க முழு மயக்கம் தர வேண்டுமாம். எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூட்டு மாற்றியபோது முதுகில் ஊசி போட்டே முடித்தார்கள். அம்மாவுக்கும் அப்படிச் செய்யக்கூடாதா? கண் விழிப்பாரா என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மூட்டுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலே போதும். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி வேறு மாதிரி. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி உப்ப வைத்துத்தான் கருவிகளை நுழைப்பார்கள். அந்த வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளும். விழித்திருப்பவருக்கு மூச்சு முட்டும், தோள்பட்டை வலிக்கும். அதனால்தான் பெரும்பாலும் முழுதாக மயக்கி, தொண்டையில் குழாய் வைத்து, மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைக்கிறோம்.

வயதானவர்களுக்கு மருந்து குறைவாகவே போதும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை மெதுவாக, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவோம். அறுவை முடிந்து அவர் விழிக்கும்வரை மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டை விட்டு நகர மாட்டார். ஆக்சிஜன், இதயத் துடிப்பு, வெளிவிடும் மூச்சு எல்லாம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். விழித்த பிறகு ஓரிரு நாள் சிலருக்குக் குழப்பம் வரலாம். கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் கொடுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தாலே பாதி தெளிந்துவிடுவார்கள்.

என் கவலையெல்லாம் காபியைப் பற்றித்தான். "காலையில் என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றால், "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்பார்கள். இன்னும் ரெண்டு தடவை கேட்டால், "காபி மட்டும்தான்" என்று வரும். நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. ஆனால் பால் வயிற்றில் திரிந்து கெட்டியாகிவிடும். மயக்கத்தில் அது மேலே வந்தால் இருமக்கூடத் தெரியாது. நேராக நுரையீரலுக்குப் புரையேறும். சாப்பாட்டுக்கும் பால் காபிக்கும் 6 மணி நேர இடைவெளி வேண்டும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். நாள்பட்ட சர்க்கரையில் வயிறு காலியாகவே தாமதமாகும், அதனால் உங்கள் டாக்டர் இன்னும் அதிக நேரம் சொல்லலாம். பாவம் என்று யாரும் நடுவில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். இல்லாவிட்டால் சர்க்கரை சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: 5 வயது மகனுக்கு டான்சில் ஆபரேஷன். ஊசி என்றாலே அலறுவான்.
- வாசகர், கரூர்

பதில்: பல குழந்தைகளுக்கு மாஸ்க்கில் செவோஃபுளுரேன் வாயு கொடுத்தே தூங்க வைக்கிறோம், ஊசி அதற்குப் பிறகுதான். உங்களில் ஒருவர் கூட வரலாமா என்று முன்னாலேயே கேளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும், சளியோடு மயக்கினால் மூச்சுக்குழாய் சட்டென்று இறுகிக்கொள்ளலாம். பால்பல் ஏதாவது ஆடுகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். குழாய் வைக்கும்போது அது கழன்று உள்ளே போய்விடக் கூடாது.