பூவைக் கூட்டித் தள்ளியது யார்?

கேள்வி: சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. பாதி மாதம் நைட் ஷிப்ட்தான். காலை 6 மணிக்கு விடும்போது உடம்பு சக்கையாகிவிடுகிறது. சில்வர் பீச்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால்தான் மனசு தெளிகிறது. வீட்டு வாசலிலும் ஒரு பவழமல்லி மரம் உண்டு. ஆனால் நான் போவதற்குள் மனைவி பூவையெல்லாம் கூட்டித் தள்ளிவிடுகிறாள். பையன் இரண்டாம் வகுப்பு. இந்த வேலையிலும் இயற்கையை ரசித்து வாழ வழி உண்டா?

– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அந்தப் பவழமல்லி விஷயத்துக்கு வருவோம். அது இரவில் விரிந்து, விடியும்போது உதிர்கிற பூ. ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்குப் போயிருந்தால் வாசல் முழுக்கக் கிடந்திருக்கும். அப்படியானால் எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? அந்த நேரத்தை மட்டும் சாமர்த்தியமாக எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நான் சொல்லட்டுமா? பையன் ஸ்கூல் வேன் ஏறிய பிறகு. அவனை எழுப்பி, பல் தேய்க்கவைத்து, கட்டிலுக்கடியில் கிடக்கும் ஒற்றை ஷூவைத் தேடி எடுத்து, டிபன் கட்டி, வாசலும் பெருக்கி முடித்த மனுஷி மேல் புகார் வேறு!

"ராத்திரி முழுக்க உழைத்தவன் கொஞ்ச நேரம் உட்காரக் கூடாதா?" என்பீர்கள். எப்போதாவது உட்காருங்கள், யார் வேண்டாம் என்றது? தினமும் என்றால் அதற்குப் பெயர் டிமிக்கி. சம்பளத்தைக் கொடுத்ததோடு அப்பா வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆண்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

உடம்புக்கும் அது ஆகாது. காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு பொழுது விடிந்ததென்று முழித்துக்கொள்ளும், தூக்கம் தள்ளிப்போகும். சக்கையாகிறேன் என்கிறீர்களே, பாதிக் காரணம் அந்தக் கடற்கரைதான். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நேரே வீட்டுக்குப் போங்கள். பையனை எழுப்பிக் கூட்டிவந்து பூப் பொறுக்குங்கள். காம்பை நசுக்கித் தேய்த்தால் விரலில் காவி நிறம் ஒட்டும். அந்த வயதுப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? அப்புறம் வாசலை நீங்களே பெருக்கிவிட்டு, அவனை வேன் ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுப் படுங்கள்.

லீவு நாளில் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போய் பாதிரி மரத்தைக் காட்டுங்கள். உங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் எது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? தை, மாசியில் பங்குனி ஆமைகள் நம் கரையேறி முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துவைத்துப் பாதுகாத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். என்றைக்கு விடுகிறார்கள் என்று விசாரித்து, அன்றைக்குப் போய் உட்காருங்கள் உங்கள் சில்வர் பீச்சில், பையனோடு.

மனைவியையும் கூப்பிடுங்கள். அவர் கடைசியாகக் கடற்கரைக்குப் போனது எப்போது என்று கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியாது என்று நினைக்கிறேன்.