அப்பா பெயரில் நிலம், நின்றுபோன கிசான் பணம்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோப்பு. அப்பா 2023இல் இறந்தார். அதன்பிறகும் அவர் கணக்கில் பிஎம் கிசான் (விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டம்) பணம் இரண்டு தவணை ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸின் நிலவரிப் பதிவு) அப்பா பெயரில் இருப்பதால் எனக்குத் தர முடியாது என்கிறார்கள் கிருஷி பவனில், அதாவது வேளாண் அலுவலகத்தில். பொள்ளாச்சியில் இருக்கும் இரண்டு தங்கைகளிடமும் அம்மாவிடமும் தங்கள் பங்கை எனக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கச் சொல்கிறார்கள் ஊரில். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவிக்காகத் தங்கைகளின் பங்கை எழுதி வாங்கும் அவசியம் இந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை. உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கைகள் இருவர் என நான்கு பேருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒன்று. பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தை நாளைக்கு மனம் மாறினாலும் எளிதில் ரத்து செய்ய முடியாது. கிசான் பணத்தைக் காரணம் காட்டிப் பெண்களிடம் கையெழுத்து வாங்குவது மனசாட்சிக்கும் சரியல்ல.

உங்களுக்குத் தேவை போக்குவரவு, அதாவது தண்டப்பேரில் பெயர் மாற்றம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, இறப்புச் சான்றோடு வில்லேஜ் ஆபீசில் கொடுத்து, வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டாகத் தண்டப்பேர் மாற்றிக் கரம் (நிலவரி) கட்டுங்கள். வாரிசுச் சான்றுக்கு அரசிதழ் அறிவிப்பு, ஆட்சேபணைக் காலம் எல்லாம் உண்டு, சில மாதம் பிடிக்கும். போக்குவரவால் யாருடைய பங்கும் கூடுவதோ குறைவதோ இல்லை, அது வரிக்கான பதிவு மட்டுமே.

1.2.2019க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொல்லக்கூடும். நிலம் வாங்கியவர்களுக்கு அது பொருந்தும். உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு விதிவிலக்கு உண்டு, தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரே நிலம் பல குடும்பங்களின் பெயரில் பதிவாகியிருந்தால், தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே 6,000 பெறலாம். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் குழந்தைகள். ஆகவே தங்கைகளும் கேட்கலாம். ஒரு குடும்பத்தில் யாராவது வருமான வரி கட்டினாலோ, குரூப் டி (கடைநிலை ஊழியர்) தவிர்த்த அரசு வேலையில் இருந்தாலோ அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கிடைக்காது. தங்கை குடும்பத்தில் அப்படி இருந்தால் உங்கள் தகுதி போகாது.

அப்பா இறந்தபின் வந்த 4,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஏடிஎம் அட்டையால் எடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். இறப்பைக் கிருஷி பவனில் எழுத்தில் தெரிவித்து, கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்பாவின் பதிவு உங்களுக்கு மாறி வராது, புதிதாகப் பதிய வேண்டும். பதிவேறிய நான்கு மாதத் தவணையிலிருந்துதான் பணம், இடையில் போன காலத்துக்கு நிலுவை கிடையாது. அதனால் வாரிசுச் சான்று மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பையும் இப்போதே சரிபாருங்கள், இகேஒய்சியை (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) பதிவோடு அக்ஷயா (இ-சேவை) மையத்தில் முடிக்கலாம்.

மலையாளம் எழுத வராவிட்டால் மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். சிறுபான்மை மொழிப் பகுதி அலுவலகங்களில் தமிழில் மனு கொடுக்கவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இழுத்தடித்தால், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.