புள்ளிவிவரத்தை நம்பி, குறைந்த செலவில் வெல்லும் பேஸ்பால் அணியைக் கட்ட முடியுமா? ஓக்லாந்து கதை எந்த அளவுக்கு உண்மை?

முடியும். ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் 2002-இல் அதைச் செய்தும் காட்டியது. ஆனால் அந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படும்போது காரணங்களில் பாதிதான் வெளியே வருகிறது. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். பேஸ்பால் மைதானத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. இருந்தாலும் அந்த அணியின் கணக்கை ஆண்டுதோறும் வகுப்பில் போட்டுக் காட்டுவதால், அதன் எண்களோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு.

2001-இல் பருவத்தின் 162 ஆட்டங்களில் 102-ஐ வென்ற ஓக்லாந்து, இறுதிக்கட்டப் போட்டிகளின் முதல் சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அடுத்த சில வாரங்களில் ஓக்லாந்தின் நட்சத்திர மட்டையாளர் ஜேசன் ஜியாம்பியை அதே யாங்கீஸ் 7 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. ஜானி டேமன் பாஸ்டனுக்கும், ஜேசன் இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸுக்கும் போனார்கள். அடுத்த பருவத்தில் யாங்கீஸின் சம்பளச் செலவு ஏறத்தாழ 12.5 கோடி டாலர், ஓக்லாந்தின் செலவு ஏறத்தாழ 4 கோடி. பருவ முடிவில் இரண்டு அணிகளும் சரியாக 103 ஆட்டங்களை வென்றிருந்தன.

இதை ‘கணினி நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்தது’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. நல்ல ஆட்டக்காரர் யார் என்பது எல்லா அணிகளுக்கும் ஓரளவு தெரிந்ததே. பொது மேலாளர் பில்லி பீனும், ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த அவருடைய உதவியாளர் பால் டெபொடெஸ்டாவும் தேடியது வேறு: வெற்றிக்கு உண்மையாகவே உதவியும், சந்தையில் விலை போகாமல் கிடக்கும் திறமை எது என்பதை.

அப்போது அப்படிக் கிடந்தது, அடிக்காமல் விட்டுவிடும் திறமை. பந்து வீசுபவர் அடிப்பதற்குரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசிவிட்டால், மட்டையாளர் எதையும் அடிக்காமலேயே, ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்கு வாக் என்று பெயர். நூறாண்டுகளுக்கும் மேலாக மட்டையாளரை அளந்துவந்த சராசரியில் இந்த வாக் சேராது, அதாவது கணக்கிலேயே இல்லாத ஒன்று. இரண்டு மட்டையாளர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் பருவத்தில் 600 வாய்ப்புகள். முதலாமவர் 30 முறை வாக் பெற்று, மீதி 570-இல் 171 முறை அடித்து பேஸை அடைகிறார், சராசரி 0.300, நட்சத்திர அந்தஸ்து. இரண்டாமவர் 90 முறை வாக் பெற்று, மீதி 510-இல் 133 முறை அடித்து பேஸை அடைகிறார், சராசரி 0.261, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவுட் ஆகாமல் பேஸை அடைந்ததை எண்ணினால் முதலாமவர் 201, இரண்டாமவர் 223. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒரு அணிக்கு இருப்பது 27 அவுட்கள்தான் என்னும்போது, இந்த 22 அவுட் வித்தியாசம் ஏறக்குறைய ஓர் ஆட்டத்துக்கான மூலதனம். வாக்கைவிட அடித்து ஓடுவதற்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சம்பளத்தில் தெரிந்த இடைவெளி அந்தக் கொஞ்சத்தைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தது.

ஸ்காட் ஹேட்டபெர்க்கை வாங்கியது இந்தக் கணக்கில்தான். பாஸ்டனில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவராக, இருந்த அவருக்கு முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு, பந்தை எறிய முடியாமல் போயிருந்தது. கேட்சர் என்ற வகையில் அவர் தொழில் முடிந்துவிட்டதாகவே மற்ற அணிகள் கருதின. ஓக்லாந்து அவரைப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவான சம்பளத்துக்கு எடுத்து, அதிகம் எறிய வேண்டியிராத முதல் பேஸில் நிறுத்திப் பழக்கியது. 2002-இல் அவர் பேஸை அடைந்த விகிதம் 0.374. சாட் பிராட்ஃபோர்டு இன்னொரு உதாரணம்: விரல் முட்டிகள் தரையை உரசும் அளவுக்குக் குனிந்து, கீழிருந்து பந்து வீசுபவர். வீசும் தோற்றம் விசித்திரமாக இருந்ததால் விலை குறைந்தது. விளைவு மட்டும் நன்றாகவே இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 4 வரை அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. இருபதாவது ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 11-0 என்று முன்னிலையில் இருந்து, அதைக் கோட்டைவிட்டு 11-11 என்று சமநிலைக்கு வந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில், அன்று ஓய்வு தரப்பட்டிருந்த ஹேட்டபெர்க் மாற்று மட்டையாளராக இறங்கி, பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிடும் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். பொறுமையாகப் பந்தை விடுவதற்காக வாங்கப்பட்டவர் அன்று விடாமல் அடித்தார் என்பதை மாணவர்கள் மிகவும் ரசிப்பார்கள்.

இனி, வழக்கமாகச் சொல்லப்படாத பாதி. அந்த அணியின் முதுகெலும்பு டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி சீட்டோ என்ற மூன்று பந்து வீச்சாளர்கள். சீட்டோ அந்தப் பருவத்தில் 23 வெற்றிகளுடன் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். மிகெல் டெஹாடா மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். இவர்கள் யாரும் மலிவு விலைக் கடையில் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அந்த அணியே சேர்த்து வளர்த்த இளைஞர்கள். ஆனால் பெரிய லீக்கில் ஆறு ஆண்டுகள் ஆடி முடிக்கும்வரை ஒருவர் மற்ற அணிகளோடு பேரம் பேச முடியாது, முதல் சில ஆண்டுகளில் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம்தான் என்பது விதி. எனவே சை யங் வென்ற சீட்டோவின் அந்த ஆண்டுச் சம்பளம் மூன்று லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 4 கோடியில் 103 வெற்றி என்ற அதிசயத்தில் இந்த விதியின் பங்கு, ‘வாக்’ பெறும் திறமையின் பங்கைவிடப் பெரியது என்பது என் கருத்து.

வகுப்பில் நான் போடும் கணக்கு பில் ஜேம்ஸ் தந்தது. கேன்சஸில் உணவுப்பொருள் ஆலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்துகொண்டே 1977-இல் தன் ஆய்வுகளைச் சொந்தமாக அச்சிட்டு விற்றவர் அவர். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், வெற்றி விகிதம் ஏறக்குறைய வந்துவிடும் என்றார். 2002-இல் ஓக்லாந்து எடுத்தது 800, கொடுத்தது 654. கணக்குப்படி 162 ஆட்டங்களில் 97 வெற்றி வருகிறது. ‘மீதி ஆறு எங்கிருந்து சார் வந்தது?’ என்று ஒரு மாணவியாவது கேட்பார். நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் சேர்ந்து ஆடியது என்பதுதான் நேர்மையான பதில்.

அதே அதிர்ஷ்டம் இறுதிக்கட்டத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும், ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஓக்லாந்து தோற்று வெளியேறியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் 55 சதவீத வெற்றி வாய்ப்புள்ள அணிக்குக்கூட, அத்தகைய தொடரை வெல்லும் வாய்ப்பு 59 சதவீதம்தான். 162 ஆட்டங்களில் தெரியும் மேன்மை ஐந்தில் தெரிவதற்குள் தொடர் முடிந்துவிடுகிறது.

இன்று அதே வழியைப் பின்பற்றினால் பலிக்குமா என்றால், பலிக்காது. ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற இரு பொருளியலாளர்கள் சம்பளங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, பேஸை அடையும் திறமைக்குக் கிடைக்காதிருந்த விலை 2004-இலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. பணக்கார பாஸ்டன் 2002-இல் பில் ஜேம்ஸையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, 2004-இல் 86 ஆண்டுகளுக்குப் பிறகு, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. பணமும் கணக்கும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது, சிறிய அணிகள் வேறு இடத்தில் தேட வேண்டியதாயிற்று. 2007-இல் 66 ஆட்டங்களை மட்டுமே வென்ற டாம்பா பே, தடுப்பாட்டத்தைச் சீர்செய்து அடுத்த ஆண்டே 97 வென்று உலகத் தொடர்வரை போனது. மட்டையாளர் வழக்கமாக எந்தப் பக்கம் அடிப்பார் என்பதைக் கணக்கிட்டு, தடுப்பாளர்களை அந்தப் பக்கமே குவிக்கும் உத்தியை அதிகம் கையாண்ட அணிகளில் அதுவும் ஒன்று. அந்த உத்தியும் பிறகு எல்லா அணிகளுக்கும் பொதுவாகி, 2023-இல் விதியாலேயே கட்டுப்படுத்தப்பட்டது.